தீர்மானம் போட்டுக் கொடுத்த பட்டம்

லோர்னா குவாமே எங்கள் கல்லூரிக்குத் தலைவராக வந்தபோது அவரிடம் முனைவர் பட்டம் இல்லை. கவுண்டி என்கிற மாவட்ட நிர்வாகத்தின் சபையில் பதினாறு வருடம் தலைமை நாற்காலியில் உட்கார்ந்த அனுபவம்தான் இருந்தது. அயோவா மாநிலத்தின் இந்த வடகோடியில் எந்தச் சாலை பனியில் அடைபடும், எந்த மதகு யார் வயலில் தண்ணீரைக் கொட்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். முந்தைய தலைவர் பெரிய நகரத்துக்கு ஓடிவிட்டதால், அறங்காவலர்கள் இவரை ஓராண்டுக்கு 'இடைக்காலத் தலைவர்' ஆக்கினார்கள்.

பேராசிரியர்கள் முகத்தைச் சுளித்தார்கள். மறைப்பானேன், பதிவாளர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் தேய்ந்த நானும்தான். ஆனால் முதல் பனிப்புயலன்று அவரே பனி தள்ளும் வண்டியில் ஏறி மாணவர்களின் கார் நிறுத்தத்தை வழித்துத் தள்ளிவிட்டு, ஒன்பது மணிக் கூட்டத்துக்குச் சரியாக வந்து உட்கார்ந்தார். அதோடு நான் அவர் கட்சி.

அறங்காவலர் தலைவர் வெண்டல் ஸ்ட்ரூப் மட்டும் மசியவில்லை. "நல்ல மனுஷிதான் நீ லோர்னா. ஆனா டாக்டர் பட்டம் இல்லாத தலைவரை நான் கேள்விப்பட்டதே இல்ல" என்று முகத்துக்கு நேரே சொன்னார். லோர்னாவை நிரந்தரமாக்குவதா என்று மே மாதத்து ஒரு திங்களன்று வாக்கெடுப்பு. மூன்று பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு, மிச்சம் வெண்டல்.

"போன்னா போயிடுவேன். ஆனா போக மனசே இல்லடி" என்றார் லோர்னா என்னிடம்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, கூடைப்பந்து அரங்கத்தில் பட்டமளிப்பு விழா. லோர்னா சொல்ல வேண்டியது 'பட்டங்களை வழங்குகிறேன்' என்ற ஒரே வரி. கறுப்பு அங்கியைச் சரிசெய்துகொண்டு, ஒலிபெருக்கியில் கணீரென்று கேட்டார்: "இந்தப் பட்டங்களை வழங்கத் தீர்மானம் முன்மொழியறது யாரு?"

பதினாறு வருடப் பழக்கம். சொன்ன பிறகுதான் அவர் முகம் சிவந்தது. மேடையில் உட்கார்ந்திருந்த நான், வாசிக்க வைத்திருந்த பெயர்ப் பட்டியலை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஆனால் எங்கள் ஊரில் தேவாலயக் குழு, தானியக் கூட்டுறவு, பனிவண்டிச் சங்கம் என்று ஆளுக்கு இரண்டு குழுக்களில் இருப்பார்கள். இப்படி ஒரு கேள்வி அந்தரத்தில் நின்றால் யாருக்கும் பொறுக்காது.

மனைவி பட்டம் வாங்குவதைப் பார்க்க வந்திருந்த சோள விவசாயி ஆர்வில் ட்வைட் எழுந்தார். "நான் முன்மொழியறேன்."

"வழிமொழியறேன்" என்று நாலு மூலையிலிருந்தும் குரல்கள்.

இனி நிறுத்த முடியுமா? "விவாதம் உண்டா?" என்றார் லோர்னா.

"சீக்கிரம் முடிம்மா, ஐஸ்கிரீம் உருகுது" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"ஆதரிக்கிறவங்க?"

கூரை அதிர்ந்தது. மாணவர்கள் முறைக்குக் காத்திராமல் தொப்பிகளை எறிந்தார்கள்.

ஆர்வில் மட்டும் உட்காரவில்லை. "இன்னொரு தீர்மானம். லோர்னா பதவியில ஒட்டியிருக்கிற 'இடைக்கால'த்தை எடுத்துடணும்."

அரங்கமே காலால் தட்டித் தாளம் போட்டது. ஏழு அறங்காவலர்களும் மேடையில் வரிசையாக இருந்தார்கள். இத்தனை பேர் பார்க்க எவர் மாட்டேன் என்பார்? கேட்டுவிடு லோர்னா, கேட்டுவிடு என்று என் மனம் அடித்துக்கொண்டது.

லோர்னா மேசையை இறுகப் பிடித்தார். "செல்லாது, ஆர்வில். இருபத்தி நாலு மணி நேரத்துக்கு முன்னாடி அறிவிப்புப் பலகையில ஒட்டாத விஷயத்துக்கு ஓட்டெடுக்கக் கூடாது. உட்காரு."

"எல்லாருக்கும் சம்மதம்தானே?"

"சம்மதம்னா திங்கட்கிழமை கூட்டத்துக்கு வந்து சொல்லு, பேச மூணு நிமிஷம் உண்டு. இப்ப உன் பெண்டாட்டி காத்திட்டிருக்கா."

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெண்டல் என் பக்கம் சாய்ந்தார். "திங்கட்கிழமை கூட்டத்துப் பட்டியல்ல அவ விஷயம் இருக்கில்ல?"

"ஆறாவதா இருக்கு."

"யார் முன்மொழியறது?"

"இன்னும் யாருமில்ல."

"என் பேரை எழுதிக்க."

பெயர்ப் பட்டியலின் ஓரத்திலேயே எழுதிக்கொண்டு ஒலிவாங்கியின் முன் போய் நின்று, முதல் பட்டதாரியின் பெயரை வாசித்தேன். தப்பாகத்தான் வாசித்தேன்.