பளபளக்கும் சுவர்

“சார்வாள், கண்ண மூடிக்கிட்டு கைய இங்கன வையும்” என்றார் கோயில்குட்டியார். சாத்தான்குளத்துக்குத் தெற்கே பனைகளுக்கு நடுவில் நிற்கும் அந்தச் சின்னத் தேவாலயத்தில் மணி அடிப்பதும் கூட்டிப் பெருக்குவதும் அவர் வேலை. சித்திரை வெயிலில் மண்டை காய்ந்து வந்திருந்தேன். சுவரில் வைத்ததும் உள்ளங்கை குளிர்ந்தது. சுண்ணாம்போடு பதனியும் கடுக்காய்ச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பூசி, தேய்த்து மெருகேற்றியதாம். அவருடைய முன்னோர் ஒருவரும் அரைத்த கூட்டத்தில் இருந்தாராம். எங்கள் குடும்பம் சுடலைமாடனுக்குப் பொங்கலிடுகிற குடும்பம். இருந்தாலும் அந்தச் சுவரிலிருந்து கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் தேவாலயத்தை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டவேண்டும் என்று அப்போது சபையில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. “வெளியூர்க்காரங்க வந்து பாத்துட்டுப் போனா இடிக்க யோசிப்பாவ. நீரு பத்திரிகையில எழுதும்” என்றார். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பழைய கட்டடங்களைப் பற்றி எழுதித் திரிந்த எனக்கு வேறென்ன வேண்டும்? அவசியம் பார்க்கவேண்டிய கிராமத்துத் தேவாலயங்கள் என்று ஒரு கட்டுரை எழுதி, முதல் இடத்தை இதற்கே கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சுவர் ‘பளபளக்கிறது’ என்று ஒரு சொல்லையும் போட்டுவைத்தேன்.

கட்டுரையைச் சபையில் வாசித்தார்களாம். இடிக்கிற பேச்சு நின்றுபோனது. தேவாலயத்தின் ஆண்டு விழாவான பிரதிஷ்டைப் பண்டிகைக்கு என்னையும் அழைத்தார்கள். வாசலிலேயே சபைச் செயலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆளுக வாரப்ப நம்ம கோயிலு அழுக்கா இருக்கலாமா? நீங்க எழுதினாப்புலயே பளபளன்னு ஆக்கிட்டோம், அண்ணாச்சி!”

தரையிலிருந்து தலைக்கு மேல் வரை வெள்ளை டைல்ஸ். பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு ஒட்டியிருந்தார்கள். துபாயிலும் மும்பையிலும் இருக்கும் பிள்ளைகள் லீவு போட்டு வந்து, கூடவே நின்று செய்த வேலை. அத்தனை முகங்களிலும் சந்தோஷம். யாரிடம் போய்ச் சண்டை போடுவது? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, என்மேல்தான். சால்வை போர்த்தினார்கள், கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். அசன விருந்தில் கோயில்குட்டியார்தான் என் இலையில் சோறு வைத்தார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

போன வாரம் அவரிடமிருந்து போன் வந்தது. மதுரையிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கியிருக்கிறதாம், கையில் என் கட்டுரையோடு.

“ரொம்ப தூரத்துலேருந்து வந்திருக்காவ, சார்வாள்” என்றார். கொஞ்சம் தள்ளிப் போனார் போலிருக்கிறது; குரலைத் தாழ்த்திக்கொண்டார். “உள்ள போயி சுத்திப் பாத்தாவ. இப்ப வெளிய வந்து, பழைய கோயிலு எங்கன இருக்குன்னு கேக்காவ. நான் என்ன சொல்லட்டும்?”

வெயிலில் நிற்கவிடாமல் முதலில் அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள் என்றேன்.