கவர்னரை எதிர்த்து நின்ற ரோசலி

ரோசலி வோண்ட்ரா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பேருந்தை ஓட்டுபவள். எனக்குப் பக்கத்துப் பண்ணைக்காரி. நெப்ராஸ்காவில் எங்கள் பக்கம் முழுக்கச் சோளமும் மாடும் குடியரசுக் கட்சியும்தான். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் எல்லாரையும் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்துவிடலாம். அந்த மேசையில் ரோசலி உண்டு. அவள் புருஷன் எமில் கிடையாது. அவன் குடும்பமே பரம்பரையாக அடுத்த கட்சி.

எங்கள் நாட்டில் கவர்னரை மக்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த வருடம் குடியரசுக் கட்சிக் கவர்னர் வெஸ்லி ஹார்லன் இரண்டாம் முறையாகத் தேர்தலில் நின்றார். வெள்ளம் வந்தபோது எங்களோடு சேற்றில் நின்று மணல் மூட்டை தூக்கிப் போட்ட மனிதர். அவரைப் பிடிக்காது என்று சொல்ல ஆளில்லை, அதனால் எதிர்த்து நிற்கவும் ஆளில்லை. ரோசலியின் கட்சியில் பெரிய தலைகள் எல்லாம் நழுவிவிட்டன. கடைசியில் கட்சியின் மாநிலத் தலைவர் லைல் கிரேமர் மாநிலத் தலைநகரிலிருந்து அவளுக்கே போன் செய்தார். நான் அப்போது அவள் சமையலறையில்தான் இருந்தேன்.

“பேருக்கு ஒரு ஆள் வேணும், ரோசலி. ஜெயிக்கணும்னு இல்ல.”

“அது தெரியுது. ஜெயிக்கற மாதிரி இருந்தா என்னையா கூப்பிடுவீங்க?”

சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். உனக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டேன்.

“ஓட்டுச் சீட்டுல ஒரே ஒரு பேர் இருந்தா அது தேர்தலா? கடையில ஒரே ஒரு ஜோடி செருப்பு இருக்கு, கால் அளவு பாக்காம வாங்கிட்டுப் போன்னு சொல்ற மாதிரி இருக்கு.”

எமில் வயலிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அவன் வெகுநேரம் கை கழுவினான்.

“நான் ஹார்லனுக்குத்தான் போடுவேன். தெரியுமில்ல?”

“தெரியும். அதுக்காக என் வண்டிக்கு எண்ணெய் மாத்திக் குடுக்க மாட்டியா?”

மாற்றிக் கொடுத்தான். அவர்கள் வீட்டு வாசலுக்கு இந்தப் பக்கம் கவர்னரின் தட்டி, அந்தப் பக்கம் ரோசலியின் தட்டி. புல் வெட்டும்போது எமில் இரண்டையும் பிடுங்கி வைத்துவிட்டு, வெட்டி முடித்ததும் இரண்டையும் ஒழுங்காக நட்டு வைப்பான்.

பள்ளி விடுமுறையில் அவள் தன் பழைய பிக்கப் வண்டியில் மாநிலம் முழுக்கச் சுற்றினாள். முதல் கூட்டத்தில் ஆட்களைவிடக் காலி நாற்காலிகள்தான் அதிகம். எழுதி வைத்ததைத் தலை நிமிராமல் வாசித்து முடித்தாள். கோடை முடிவதற்குள் பேச்சு அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. பேசியது ஒரே விஷயம்: சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளில் பிரசவ வார்டுகளை மூடிவிட்டார்கள், வலி எடுத்த பெண்கள் அடுத்த ஊருக்குக் காரில் ஓட வேண்டியிருக்கிறது.

செப்டம்பரில் ஒரு ஊர்த் திருவிழா அணிவகுப்பில் ஓட்டுக் கேட்க அவள் போனபோது நானும் அவளோடு போனேன். நெடுஞ்சாலையில் வண்டி புகையைக் கக்கிவிட்டு நின்றது. சற்று நேரத்தில் பின்னால் வந்த கார் ஒன்று ஓரம் கட்டியது. இறங்கியவர் கவர்னர்.

“என்ன ரோசலி, வண்டி என் கட்சிக்கு மாறிடுச்சா?”

“எமில் ரிப்பேர் பண்ண வண்டி, கவர்னர். எப்பவும் உங்க கட்சிதான்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “வாங்க, ஏறுங்க.”

“உங்க கார்ல வந்து உங்களுக்கு எதிரா ஓட்டு கேக்கவா?”

“நீங்க வரலைன்னா நான் யாரைத் தோக்கடிக்கறது?”

ஏறினோம். வழியெல்லாம் அவள் பிரசவ வார்டைப் பற்றித்தான் பேசினாள். அவர் தலையாட்டிச் சமாளிக்கவில்லை. பணம் எங்கிருந்து வரும், டாக்டர்கள் எங்கிருந்து வருவார்கள் என்று திருப்பிக் கேட்டார். இருவரும் காரசாரமாக வாதாடினார்கள். ஊருக்குள் ஒரே காரிலிருந்து இருவரும் இறங்கியதைப் பார்த்துக் கூட்டம் வாயைப் பிளந்தது.

“என்ன, கூட்டணி வச்சிட்டீங்களா?” என்றார் அணிவகுப்புக்கு வந்த தீயணைப்பு வண்டி மேல் உட்கார்ந்திருந்த ஒருவர்.

“பேச்சுவார்த்தை முறிஞ்சு போச்சு” என்றாள் ரோசலி. அன்று அவளுக்குக் கிடைத்த கைதட்டலில் கவர்னருடையதும் உண்டு.

நவம்பரில் எதிர்பார்த்தபடியே படுதோல்வி. ஆனால் எங்கள் ஊரில் மட்டும் பாதிக்குக் கொஞ்சம் குறைவான ஓட்டு அவளுக்கு விழுந்திருந்தது. ஒரு மேசைக் கட்சிக்கு அது எங்கிருந்து வந்ததென்று யாரும் வெளியே சொல்லவில்லை. மறுநாள் காலை அவள் வழக்கம்போலப் பேருந்து ஓட்டப் போனாள். சாயங்காலம் அவள் வீட்டுக்குக் கசகசா வைத்த கொலாச்சி இனிப்பு ரொட்டிகளோடு பக்கத்து வீட்டார் வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் ஹார்லனுக்குப் போட்டவர்கள். துக்கம் விசாரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு வந்தவர்கள், அவள் பாடிக்கொண்டே காப்பி ஊற்றுவதைப் பார்த்துக் குழம்பிப்போனார்கள்.

பிரசவ வார்டு இன்னும் திறக்கவில்லை. ஆனால் அடுத்த வசந்தத்திலிருந்து வாரம் ஒருமுறை பெண் டாக்டர் ஒருவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். அது ரோசலியால் வந்தது என்கிறேன் நான். கவர்னரால் வந்தது என்கிறான் எமில். ரோசலியைக் கேட்டால், “யாரால வந்தா என்ன, வந்துட்டாங்கல்ல” என்று அந்த டாக்டருக்குத் தக்காளி பறிக்கப் போய்விடுகிறாள்.