மாமியின் உனேபிக் கப்பல்

செய்தி வந்தபோது நான் கோலியர்ஸ் வுட் பஸ் தரிப்பில் பள்ளிச் சீருடையோடு நின்றேன். "மாமி போயிட்டா, பிள்ளை. வீட்டை வா" என்றார் அப்பா தொலைபேசியில்.

மாமி அப்பாவின் அக்கா. இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பலர் அவரைத் தேவாலயச் சமையலறையில் பார்த்திருப்பீர்கள். எனக்கு அவரைக் கப்பலோடுதான் தெரியும்.

கப்பல் காப்புறுதி அலுவலகம் ஒன்றில் அவர் துப்புரவு வேலை செய்தார். அங்கே ஒரு பழைய போர்க்கப்பலின் படம் தொங்கியது. பெயர் உனேபி. ஜப்பான் கடற்படைக்காகப் பிரான்சில் கட்டப்பட்ட குரூசர். நீராவி இயந்திரத்தோடு மூன்று பாய்மரங்களும் கொண்டது. நூறு ஆண்டுகளுக்கும் முன்னர், ஜப்பானுக்குப் போகும் வழியில் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டது. பிறகு அதை யாரும் காணவில்லை.

கோர்ன்பிளேக்ஸ் பெட்டி அட்டைகளை வெட்டி மாமி அந்தக் கப்பலைச் சிறிதாகச் செய்தார். "அது கடலுக்குள்ள தாண்டுபோச்சுத்தானே, மாமி" என்றேன் ஒருநாள். பசை காயும்வரை பாய்மரத்தைப் பிடித்தபடியே, "நீ கண்டனியோ? வந்து சேரேல்லை. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்" என்றார்.

அவருடைய தம்பி அன்ரன், என் சித்தப்பா, போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் படகேறியவர். அந்தப் படகும் போய்ச் சேரவில்லை. அவர் படத்துக்கு மாலை போட மாமி விட்டதே இல்லை. ஒரு மரித்தோர் நாளன்று அப்பா மாலையோடு வந்தார். மாமி அதை வாங்கி மாதா சுருவத்துக்குப் போட்டுவிட்டு, "சாப்பிட வாடா தம்பி" என்றார்.

இந்த முப்பத்தோராம் நாள் மலரைத் தட்டச்சுச் செய்வது என் வேலை. முன்பக்கத்தை அப்பா சொல்லச் சொல்ல அடித்தேன். "காலஞ்சென்ற அன்ரன் அவர்களின் அன்புச் சகோதரி" என்ற இடத்தில் என் விரல் நின்றது. "எத்தினை வருசம் பாத்தாச்சு. இனி எழுது, பிள்ளை" என்றார். அவர் அதட்டவில்லை, களைத்திருந்தார். எழுதினேன்.

இப்போது எல்லோரும் உறங்கிவிட்டார்கள். 'காலஞ்சென்ற' என்ற அந்த ஒரு சொல்லை அழித்துவிட்டேன். இந்தப் பக்கத்தையும் யாரிடமும் கேட்காமல் சேர்க்கிறேன். பயமாக இருக்கிறது. அச்சகத்துக்கு அனுப்புமுன் காலையில் அப்பா முழுவதையும் வாசிப்பார். அவர் இழந்தது கூடப் பிறந்த தம்பியை. நான் சித்தப்பாவைப் பார்த்ததே இல்லை. அந்தச் சொல்லைத் தொட உனக்கு என்ன உரிமை என்று அவர் கேட்கலாம்.

அட்டைக் கப்பல் என் மேசையில் இருக்கிறது. ஒரு பாய்மரம் சரிந்துவிட்டது. அதையும், தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாத மாமியின் பிடிவாதத்தையும் நான் வைத்துக்கொள்கிறேன்.

இந்தப் பக்கம் உங்கள் கைக்கு வந்திருந்தால், அப்பா இதை எடுத்துவிடவில்லை. முன்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். சித்தப்பாவின் பெயருக்கு முன்னால் எதுவும் இல்லையென்றால், அதையும் அவர் அப்படியே விட்டிருக்கிறார்.