ஆவடியில் ஏறியவர்கள் பத்துப் பேர்

அன்று ஆவடி நடைமேடையில் இருந்தவர்கள்: தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து மூன்று தம்பதிகள், பூந்தமல்லி லேத் பட்டறைக்காரர், காட்டுப்பாக்கம் டீச்சர், குடியிருப்புச் சங்கச் செயலாளர் அம்மா, நான். மொத்தம் பத்து.

நான் கீமேனாக இருந்து ஓய்வு பெற்றவன். தினமும் தண்டவாளத்தோடு நடந்து, தளர்ந்த பிடிப்பைச் சுத்தியலால் இறுக்குகிற வேலை. தென்னாட்டில் முதன்முதல் ரயில் ஓடிய தடம் இது. இதன் பழைய அடையாளங்களை ஓடும் ரயிலிலிருந்து காட்டச் சொன்னார் செயலாளர். திருவள்ளூர் வரை பாதிப் பேராவது இருந்தால் மாதாமாதம் இந்தப் பயணம். இல்லாவிட்டால் இதோடு சரி. நானோ நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிறவன்.

பின்னால் போன தடம்

"அதோ, யுத்த காலத்தில் பட்டாளச் சாமான் இறக்கப் பிரிந்த கிளைத் தடம்" என்று ஆரம்பித்தேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அதற்குள் வண்டி தாண்டிவிட்டது, மதில்சுவர்தான் தெரிந்தது. அடுத்த இரண்டு இடங்களும் அப்படியே. பட்டாபிராமில் ஒரு தம்பதி மகள் வீட்டுக்கு இறங்கினார்கள். திருநின்றவூரில் இன்னொரு தம்பதி கோயிலுக்கு. மிச்சம் ஆறு.

பட்டறைக்காரர் என் தோளைத் தட்டினார். "அண்ணாத்தே, நீ இன்னும் நடந்துகினே கீறே. வண்டி ஓடுது."

இருபது எண்ணிக்கை

அவர் சொன்னது சரி. முப்பது வருடம் நடந்து பார்த்ததை உட்கார்ந்து பார்த்ததே இல்லை. கண்ணை மூடிச் சக்கரச் சத்தத்தைக் கேட்டேன். அது எனக்குத் தெரிந்த பாஷை.

"இப்போதிலிருந்து இருபது எண்ணுங்கள். இடது பக்கம் செங்கல் வளைவுப் பாலம் வரும்."

டீச்சர் சத்தமாக எண்ணினார். பத்துக்குள் பெட்டியே சேர்ந்துகொண்டது. இருபதில் பாலம் வந்தது. பழைய தண்டவாளத்தை வெட்டி நட்ட எல்லைக் கம்பத்துக்கு முப்பத்தைந்து சொன்னேன். அதுவும் பிசகவில்லை.

கதவோரம் காலிக் கூடையோடு இருந்த பூக்காரம்மா சொன்னார்: "டெய்லி இதுலதான் வர்றேன் நைனா. இத்த ஒருத்தரும் காட்டல."

திருவள்ளூர்

இறங்கியதும் செயலாளர் விரல் நீட்டி எண்ணினார். "நாம ஆறு பேர்தானே, ஏழு வருதே?"

செவ்வாப்பேட்டையில் இறங்க வேண்டிய பூக்காரம்மா, கம்பத்துக்கு எண்ணிக்கொண்டே ஊரைத் தாண்டி வந்திருந்தார். திட்டுவார் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவர் செயலாளரைக் கேட்டார்: "அடுத்த மாசம் எந்த வண்டிம்மா? ஊட்டுக்காரரையும் இட்டுகினு வர்றேன்."

செயலாளர் அடுத்த மாதத் தேதியை அங்கேயே குறித்துவிட்டார். கணக்கில் இதுவரை பிசகாத நான் என் நோட்டில் எழுதியது, பத்தில் நான்கு போக மிச்சம் ஏழு.