வியன்னாவுக்குப் போகும் சாமி

மூன்றாவது நிமிடத்தில் கலியமூர்த்தியின் கால்விரல்கள் சிவக்கத் தொடங்கும். நான்காவது நிமிடத்தில் வாய் தானாகச் சரணம் சொல்லும். ஐந்தாவதில் மனிதர் ஒரே தாவலாகத் தாவி வெளியே குதிப்பார். கார்த்திகை பிறந்ததிலிருந்து காலைப் பூஜை முடிந்ததும் இதுதான் வேலை. நீலப் பிளாஸ்டிக் டப் நிறைய ஐஸ், அதன்மேல் கறுப்பு வேட்டி கட்டிய ஐயப்ப சாமி. ஐஸ் கடலூர் முதுநகர் ஐஸ் கம்பெனியிலிருந்து வருகிறது. "மீனுகிட்ட போவாத ஐஸா பாத்துக் குடு சாமி" என்று சொல்லித்தான் வாங்குவார். மாலை போட்டவரல்லவா!

திருப்பாதிரிப்புலியூரில் பம்ப்செட் மோட்டார் கடை வைத்திருக்கிறார். நெல்லிக்குப்பத்துக் கரும்புத் தோட்டங்களில் பாதிக்கு அவர் விற்ற மோட்டார்தான் தண்ணீர் இறைக்கிறது. 2008இல், அதிகம் விற்ற டீலர்களை ஜோடியாக வியன்னாவுக்கு அழைத்துப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. தேதிதான் வினையாக வந்தது. நவம்பர் இருபத்தைந்து, கார்த்திகை விரதத்துக்கு நடுவில். அதுவும் அவருக்குப் பதினெட்டாவது வருடம், சபரிமலையில் தென்னங்கன்று வைத்துக் குருசாமி ஆகிற வருடம். பதினேழு வருடமாக, மாலை போட்ட அன்று கழற்றிய செருப்பை மலைக்குப் போய்த் திரும்பும்வரை தொட்டதில்லை. "காலு மண்ணுல படணும் சாமி. அதான் வெரதம். மத்ததெல்லாம் சும்மா" என்பார்.

அப்படியானால் போகாமல் இருந்துவிடலாமே? அங்கேதான் மாலதி வருகிறார். ஜோடியில் ஒருவர் வராவிட்டால் மற்றவருக்கும் டிக்கெட் கிடையாது. திருப்பதிக்கு அப்பால் எதையும் பார்த்திராத அவர் மனைவி, பெட்டியை நாளைக்கு இரண்டு தரம் திறந்து புது ஸ்வெட்டரைத் தடவிப் பார்த்து மூடுகிறார். போகலாமா என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் கேட்காததுதான் மனிதரை ஐஸில் ஏற்றிவிட்டிருக்கிறது, பாவம். வெறுங்காலோடு அந்த ஊரில் நடந்துவிட முடியுமென்றால் விரதம், பயணம் இரண்டுமே தப்பிக்கும் என்பது அவர் கணக்கு.

வியன்னாவின் குளிரை அவரளவுக்கு அறிந்தவர் கடலூர் மாவட்டத்தில் கிடையாது. பக்கத்து பிரவுசிங் சென்டரில் தினமும் பார்த்துவிட்டு வருவார். "இன்னிக்கு ரெண்டு டிகிரி சாமி, காத்து வேற ஜாஸ்தி" என்பார், மோட்டார் காயில் எரிந்துபோய் வந்து நிற்கிற விவசாயியிடம். உடம்புக்குக் கவலையில்லை. பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், எந்த வெள்ளைக்காரனோ போட்டுக் கழித்த கறுப்பு ஓவர்கோட் அகப்பட்டது. குல்லா கறுப்பு, கையுறை கறுப்பு. விரதத்துக்கும் குளிருக்கும் ஒரே நிறம் ஒத்துப்போனதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். கோட்டை மாட்டிக் கண்ணாடிமுன் நின்று, வியர்த்து ஊற்ற, துளசிமாலையை எடுத்து வெளியே தெரிய விட்டுக்கொண்டார். கால் மட்டும்தான் பாக்கி.

சிதம்பரத்துக்குப் போய்த் தன் குருசாமி சபாபதியிடம் கேட்டார். "பனி ஊர்ல செருப்பு போட்டுக்கலாம் சாமி, தப்பே இல்ல. ஐயப்பன் ஒங் கால் வெரலயா கேட்டாரு?" என்று சிரித்தார் குருசாமி. நம்மவருக்குச் சமாதானமாகவில்லை. மறுநாள் ஐந்து நிமிடத்தைப் பத்தாக்கினார். சுண்டுவிரல் வெள்ளையாகி, சாயங்காலம் கொப்புளம் கட்டியது.

மாலதி மஞ்சள் குழைத்துக் கிண்ணத்தை அவர் பக்கத்தில் வைத்தார். "டப்பக் கவுத்துடுங்க சாமி. நாம எங்கயும் போவ வேணாம். அந்தக் குளுருல போயி நான் என்னா பண்ணப் போறேன்? எனக்கு ஆசையே இல்ல" என்றார். பச்சைப் பொய். சொல்லும்போது பெட்டி இருந்த பக்கம் திரும்பவே இல்லை. கலியமூர்த்தி ஐஸ் தண்ணீரை முருங்கைமரத்தடியில் கொட்டினார். நொண்டிக்கொண்டே போய்க் கறுப்புக் கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி வாங்கிவந்தார். மறுநாள் திருவந்திபுரம் போய்வந்தார். எதற்கென்று சொல்லவில்லை.

கிளம்புகிற அன்று வாசலில் கார் நின்றது. மாலதி ஸ்வெட்டரோடு முன்கூட்டியே ஏறி உட்கார்ந்துவிட்டார். கலியமூர்த்தி படியில் அமர்ந்து, ஓவர்கோட் பையிலிருந்து செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். திருவந்திபுரத்துக் கெடில ஆற்று மணல். ஒரு பிடியை இடது ஷூவுக்குள் கொட்டினார், ஒரு பிடியை வலதில். விரலால் நிரவிவிட்டார். பிறகு சாக்ஸ் போடாத கால்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, எழுந்து நின்று, இரண்டு தரம் அழுத்தி மிதித்துப் பார்த்தார்.