முதல் பந்தியில் ஓர் இடம்

அந்த வேலைக்கு அப்பா ஏன் என்னை அனுப்பினார்? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. அவரிடம் கேட்கவும் துணிவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு எட்டு வயது. அப்பா காரைக்காலில் ஆளுங்கட்சி சார்ந்த வணிகர் சங்கத்தின் செயலாளர். அந்த வருட விருந்தில் பேசப் புதுச்சேரியிலிருந்து அமைச்சர் வந்தார். மேடையில் மனு கொடுப்பது மரியாதையில்லை. சாப்பிடும்போது எதிர் வரிசையில் இருப்பவர் மெல்லப் பேச்செடுத்து, கை கழுவும் நேரத்தில் காகிதத்தை நீட்டுவார். முதல் பந்தி முடிந்ததும் அமைச்சர் கிளம்பிவிடுவார். அதனால் எல்லோருக்கும் முதல் பந்திதான் முக்கியம்.

பக்கத்து மீனவர் ஊரான காரைக்கால்மேட்டின் மீன் வியாபாரி ஒருவரும் சங்க உறுப்பினர். மீன் கெடாமலிருக்க மேட்டில் ஓர் ஐஸ் தொழிற்சாலை வேண்டுமென்று படகுக்காரர்கள் கைநாட்டு வைத்த மனு அவர் சட்டைப்பையில் இருந்தது. அமைச்சருக்கு எதிரே அவரை அப்பாவேதான் உட்காரவைத்தார்.

வியாபாரிகளுக்குள் மேல் கீழ் கிடையாது என்று பேசி முடித்து அமைச்சர் வந்து அமர்ந்தார். இலையில் உப்பு வைத்தாயிற்று. அப்போதுதான் ஜவுளிக்கடை முதலாளி, பிரான்சிலிருந்து வந்திருந்த மருமகனோடு உள்ளே வந்தார். மருமகனுக்கு இடமில்லை.

அப்பா என்னை ஓரமாக இழுத்தார். “மீன்கார மாமாகிட்ட நீ போய்ச் சொல்லு. சின்னப்புள்ள சொன்னா கோவிச்சுக்க மாட்டாரு.”

போய்ச் சொன்னேன். “மாமா, அப்பா உங்கள அடுத்த பந்தியில உக்காரச் சொன்னாங்க.”

“ஏம்மா, அதச் சொல்ல உங்கப்பாவுக்கு வாயில்லியா?”

பக்கத்து இலைக்காரர் சிரித்தார். “எந்திரிங்க மேட்டாரே. ஐஸ் இல்லேன்னா மீன்தானே கெடும், நீங்களுமா கெட்டுப் போயிடுவீங்க?”

அவர் இலையைப் பார்த்தார். என் தலையைத் தொட்டுவிட்டு எழுந்து, அடுத்த பந்திக்கும் நிற்காமல் வாசலைத் தாண்டிப் போனார். மனுவும் அவரோடு போயிற்று. அப்பா என் முதுகில் தட்டி, “கெட்டிக்காரி” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மேட்டில் ஐஸ் தொழிற்சாலை வரவில்லை. அவர் வீட்டம்மா எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருவதும் நின்றது. ஏன் என்று அம்மாவை நச்சரித்தேன். சாப்பிட உட்கார்ந்தவரை இலையிலிருந்து எழுப்பியவள் நான்தான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. போன வாரம் உதவி கேட்டு உறவுக்காரர் ஒருவர் வந்தார். என் கணவர், தான் வீட்டில் இல்லை என்று சொல்லும்படி எங்கள் மகளை வாசலுக்கு அனுப்பினார். அவள் ஓடிவந்து, “சரியா சொன்னேனாம்மா?” என்றாள். ஆமாம் என்றுவிட்டேன். தவறோ? உண்மையைச் சொன்னால் அவள் தன் அப்பாவைப் பற்றி என்ன நினைப்பாள்? சொல்லாவிட்டால் நாளைக்கு எதற்கெல்லாம் போய் நிற்பாள்? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எனக்கு எழுதுங்கள்.