வேலை வாங்கும் கை

இதை எழுதும்போதுகூட என் இடக்கை நடுங்குகிறது. அதில் கட்டியிருக்கும் நிக்கல் கடிகாரம் அந்த நடுக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. சாவி கொடுக்கத் தேவையில்லாத சாமான். கை அசைய அசைய உள்ளே ஒரு கட்டை ஆடித் தானே முறுக்கிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பதுளைக் கடைவீதியில் முதலாளியின் கடிகாரக் கடைதான் எனக்குச் சோறு போட்டது. அதை என்றைக்கு மூடுவார்களோ என்ற பயத்திலேயே என் இளவயது போயிற்று.

அந்த மாதிரிக் கைக்கடிகாரம் முதன்முதலில் கொழும்பிலிருந்து இரண்டே இரண்டுதான் வந்தது. ஒன்று தங்கக்கூடு, பூனைமயிர் போல மெல்லிய முட்கள். மற்றது தடித்த நிக்கல். இருட்டிலும் மினுங்கும் பெரிய எண்கள். தங்கத்தின் விலைக்கு நிக்கலில் எட்டு வாங்கலாம். "வயிறு ரெண்டுக்கும் ஒண்ணுதான், சட்டைதான் வேற" என்று முதலாளி மறைக்காமல் சொன்னார். ஆனாலும் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாட்களை மேற்பார்க்கும் பெரிய கங்காணி தங்கத்தைத் தனக்கும், ரயிலுக்குப் பிந்தாமல் வண்டி வரவேண்டுமென்று நிக்கலைத் தம் மாட்டுவண்டிக்காரருக்கும் வாங்கிப் போனார்.

அந்த மாதம் முடிவதற்குள் இருவரும் திரும்பி வந்தார்கள். கங்காணி தங்கக் கடிகாரத்தைக் கண்ணாடிப் பெட்டிமேல் போட்டார்.

"நின்னு போச்சு மொதலாளி! இத நம்பிக் காலையில ஆள் எண்ற பெரட்டுக்குப் பிந்திப் போயி, அத்தன சனத்துக்கு முன்னால தொரகிட்ட ஏச்சு வாங்குனேன். இவன் கையில கெடக்குற இரும்பு ஓடுது, என் தங்கம் செத்துக் கெடக்குது!"

வண்டிக்காரர் மணிக்கட்டைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டார். கங்காணி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தத் தோட்டத்தில் ஒருவரும் எங்கள் வாசலை மிதிக்கமாட்டார்கள். தோட்டத்துச் சனம் வராவிட்டால் கடை ஏது, எனக்குச் சோறு ஏது? முதலாளி கூட்டைத் திறந்து பார்த்தார். பழுதில்லை. தங்கக் கடிகாரத்தை என் கையில் கட்டிவிட்டார். என் கைதான் பயத்தில் உதறிக்கொண்டிருந்ததே. சற்று நேரத்தில் தங்க முள் நகர்ந்தது. அது நகராமலே இருந்திருக்கக்கூடாதா என்று தவித்தேன். பழுதென்றால் மன்னிப்புக் கேட்டுத் தப்பியிருக்கலாம்.

"இந்தப் பயந்தாங்கொள்ளி கையில ஓடுது. கை அசைஞ்சாப் போதும்னீங்களே, என் கை என்ன மரக்கையா?"

மலையில் கங்காணி நிற்பதைப் பார்த்த எல்லோருக்கும் பதில் தெரியும். ஒரு கையில் குடை, மறு கை முதுகுக்குப் பின்னால். அதை யார் அவர் முகத்துக்கு நேரே சொல்வது? முதலாளி கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தார். முக்காலியை இழுத்துப் போட்டார்.

"இரிங்க கங்காணியார். இது வேலை செய்ற கைக்குன்னு செஞ்ச சாமான். உங்கட கை வேலை வாங்குற கை. செஞ்ச வெள்ளைக்காரனுக்கு அந்த வித்தியாசம் வெளங்கல்ல."

கங்காணி தம் இரு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டேயிருந்தார். வண்டிக்காரர் இருமினார். அது சிரிப்பென்று கண்டுபிடித்துவிடுவாரோ என்று நான் செத்துப் பிழைத்தேன்.

"டேய், பகல் பூரா தங்கத்த நீ கட்டு. சாயந்தரம் மாடு அவுத்ததும் என்கிட்ட குடுத்துரு. விடியிறமட்டும் தாங்குமில்ல மொதலாளி?"

"தாங்கும்."

"மாட்டு வேர்வ படுமேங்க."

"தொடச்சுட்டுக் குடுடா!"

வண்டிக்காரருக்கு இனித் தேவையில்லாத நிக்கலைத் திருப்பி வாங்கிய முதலாளி, அவர்கள் போனதும் அதை என் கையில் கட்டினார். "வெச்சுக்கோ தம்பி. உன்ட பயத்தாலயும் ஒரு பிரயோசனம் இருக்கட்டும்."

முதலாளி இப்போது இல்லை. அந்தக் கடை இருந்த இடத்தில் துணி விற்கிறார்கள். கடிகாரம் மட்டும் ஓடுகிறது. நான் கவலையின்றி, விடிந்த பின்னும் அசையாமல் உறங்கினால்தான் அது நிற்கும். இத்தனை வருஷத்தில் நின்றது சில தடவைதான். முதல் தடவை நின்றது, கங்காணி வந்துபோனதற்கு மறுநாள் காலை.